கயிறு அறுந்த கதை

மீன் பிடிப்பவர்கள் சொல்லும் கதைகளில் ஒரு விசேஷம் உண்டு. கரைக்கு வந்து சேர்ந்த மீனைவிடக் கைநழுவிப் போன மீனே எப்பொழுதும் பெரிதாயிருக்கும். "ஒரு முழம் இருந்தது, ஐயா!" என்பார் ஒருவர். கேட்டுக்கொண்டிருப்பவர் உடனே, "போன வருஷம் நான் விட்டது இரண்டு முழம்!" என்பார். இவ்விதமாக, காலையில் தப்பிய மீன் மாலைக்குள் ஒரு முதலை அளவுக்கு வளர்ந்துவிடுகிறது.

இந்தக் கதைகள் எல்லாவற்றிலும் ஒரு பாத்திரம் மட்டும் வாய் திறவாமல் ஒதுங்கி நிற்கிறது. அதுதான் தூண்டிற் கயிறு. மீனின் பலத்தைப் புகழ்கிறோம். முள்ளின் கூர்மையைப் பற்றிப் பேசுகிறோம். நம்முடைய துரதிர்ஷ்டத்தை நொந்துகொள்கிறோம். "கயிறு இற்றுப்போயிருந்தது, நான் கவனிக்கவில்லை" என்று ஒப்புக்கொள்ளும் தைரியசாலி ஆயிரத்தில் ஒருவர்தான்.

அந்தக் கயிற்றைப் பற்றியதே இந்தக் கட்டுரை. மாமிசம் உண்ணாத வாசகர்கள் முகஞ்சுளித்துப் பக்கத்தைப் புரட்ட வேண்டியதில்லை. ஒரு பொருளைப் பேணுவது எப்படி, பேணாமல் விட்டால் நேருவது என்ன என்பதே இங்கே விஷயம். அது எல்லார் வீட்டுக்கும் பொது.

இரண்டு ராஜ்யத்து ஏரி

புதுச்சேரிக்கு வடமேற்கே உள்ள சேதராப்பட்டை இன்று பெரும்பாலோர் அங்குள்ள தொழிற்பேட்டையைக் கொண்டே அறிவார்கள். பிரெஞ்சுக்காரர் ஆண்ட நாளில், துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்த புதுச்சேரிப் பிரதேசத்தின் ஓர் ஓரம் அது. சிறிது தூரம் நடந்தால் தமிழ்நாடு. இன்னும் சிறிது நடந்தால் மறுபடியும் புதுச்சேரி. 1954-ஆம் வருஷம் நவம்பர் முதல் தேதி பிரெஞ்சு நிர்வாகம் முடிவடைந்து புதுச்சேரி தாய்நாட்டோடு சேர்ந்த பிறகும், தேசப்படத்தில் இந்தக் கட்டம் போட்ட கோலம் அழியவில்லை.

அந்தக் கோலத்தின் நடுவே, இரண்டு ராஜ்யங்களுக்கும் பொதுவாய்ப் பரந்து கிடக்கிறது ஊசுட்டேரி. அதன் பரப்பு சுமார் 800 ஹெக்டேர். ஏறக்குறையப் பாதி புதுச்சேரிக்கு, மற்றது தமிழ்நாட்டுக்கு. மனிதர்கள் போட்ட எல்லையைப் பற்றி ஏரியிலுள்ள மீன்களுக்கும் கவலையில்லை. அவற்றைத் தேடிவரும் பறவைகளுக்கும் கவலையில்லை. நீர்க்காகமும், கொக்கும், நாமக்கோழியும், பனிக்காலத்தில் தூர தேசங்களிலிருந்து வரும் வாத்து இனங்களும் இங்கே கூடுகின்றன. புதுச்சேரி அரசாங்கம் 2008-ஆம் வருஷம் தன் பகுதியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. பின்னர்த் தமிழ்நாடும் தன் பகுதியை அவ்விதமே காப்பாற்ற முன்வந்தது. ஆகவே, சரணாலயத்துக்குள் அனுமதியின்றித் தூண்டிலோடு நுழையலாகாது. தூண்டில் பிரியர்கள் வேறு குளம் குட்டைகளையோ கடற்கரையையோ நாடவேண்டியதுதான். ஆனால் எந்த நீர்நிலையில் தூண்டில் போட்டாலும், கயிற்றின் கதை கடைசியில் இந்தப் பறவைகளிடமே வந்து முடிகிறது. அதைப் பின்னால் பார்ப்போம்.

துவர் ஊட்டிய நூல்

நைலான் என்னும் பொருள் இந்த உலகத்தில் தோன்றுவதற்கு முன், நம் நாட்டில் வலைக்கும் தூண்டிலுக்கும் பருத்தி நூலும் ஜனப்பநாருமே உதவின. இரண்டும் மண்ணில் முளைத்தவை. இரண்டுக்கும் ஒரே சத்துரு. செடிகொடிகளின் உடம்பாகிய நாரைத் தின்று ஜீவிக்கும் நுண்ணுயிர்கள் நீரில் கோடிக்கணக்காக இருக்கின்றன. நீர் வெதுவெதுப்பாயிருந்தால் அவற்றுக்குக் கொண்டாட்டம். ஆகையால், குளிர் தேசத்து ஏரியில் மாதக்கணக்கில் தாங்கும் நூல், நம் ஊர் ஏரியில் சில வாரங்களில் இற்றுவிடும்.

இதற்கு நம் மீனவர்கள் கண்ட மருந்து துவர்ப்பு. ஆவாரம்பட்டை, வேலம்பட்டை, உப்பங்கழி ஓரத்துக் கண்டல் மரத்தின் பட்டை, பனிச்சங்காய் என்று அந்தந்த இடத்தில் எது கிடைக்கிறதோ அதை இடித்துக் கொதிக்கவைப்பார்கள். சிவந்து இறங்கும் அந்தச் சாற்றில் வலையையும் கயிற்றையும் ஊறவைத்து, பிறகு எடுத்து உலர்த்துவார்கள். பச்சைத் தோலைப் பதப்படுத்தி அழுகாத தோலாக்கும் அதே சத்துத்தான் நூலையும் காக்கிறது. நுண்ணுயிர்களுக்கு அந்தத் துவர்ப்பு ஆகாது.

ஆனால் ஒரு முறை ஊட்டிய துவர் என்றைக்கும் நிற்பதில்லை. நீரில் தோயத் தோயக் கரைந்து போய்விடும். எனவே, குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு தரம் மறுபடியும் பட்டை இடிக்க வேண்டும். மறுபடியும் அடுப்பு மூட்ட வேண்டும். இது தவிர, ஒவ்வொரு நாளும் கரை திரும்பியதும் வலையை உதறி, அழுக்கும் செதிலும் போக அலசி, மணலில் விரித்து உலர்த்த வேண்டும். அறுந்த கண்ணை அன்றன்றே முடிய வேண்டும். குடும்பம் முழுவதும் இதில் பங்கு கொண்டது. கடலில் கழித்த நேரத்துக்குக் குறையாத நேரம் கரையில் கழிந்தது என்று சொன்னால் மிகையாகாது. வலை ஒரு குடும்பத்தின் மூலதனம். அது அழுகினால் அடுப்பு அணையும். பேணுதல் அவர்களுக்கு ஒரு பொழுதுபோக்கு அல்ல, பிழைப்பின் மறுபாதி.

இந்த விஷயத்தில் நாம் பெருமைப்படக் கூடிய செய்தி ஒன்று உண்டு. வெற்றிலையோடு சேர்த்து மெல்லுகிறோமே காசுக்கட்டி, அதுவும் துவர்ப்புப் பொருள்தான். இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் கப்பல் கப்பலாக அது ஐரோப்பாவுக்குப் போயிற்று. இங்கிலாந்து மீனவர்களின் வலைகளும், பிரான்ஸ் தேசத்துப் பிரெத்தாஞ் கடற்கரைப் படகுகளின் பாய்களும் செம்பழுப்பு நிறமாயிருந்ததற்குக் காரணம் அதுதான். பிரெஞ்சு மொழியில் அதை 'காஷூ' என்பார்கள். பெயர்கூடக் கீழ்நாட்டிலிருந்து போனதே. புதுச்சேரியை ஆண்டவர்களின் சொந்த ஊர் மீனவனுக்குக் கீழ்நாட்டு மரம் காவல் நின்றது என்பது, சரித்திரப் புத்தகங்களில் போதிய அளவு எழுதப்படாத ஒரு சங்கதி.

ஈத்தூண்டிலும் பட்டுக் கயிறும்

கயிற்றைப் பேணுவதை ஒரு சாஸ்திரமாகவே ஆக்கிவிட்டவர்கள் மேல்நாட்டிலும் உண்டு. பிழைப்புக்காக அல்லாமல் பொழுதுபோக்குக்காக மீன் பிடித்தவர்கள் அவர்கள். இறகையும் ரோமத்தையும் முள்ளில் கட்டி, ஓர் ஈயைப் போலவோ பூச்சியைப் போலவோ செய்து, அதை நீரின்மேல் மிதக்கவிட்டு மீனை ஏமாற்றுகிறார்கள். இதற்கு ஆங்கிலத்தில் 'ஃப்ளை பிஷிங்' என்று பெயர். நாம் ஈத்தூண்டில் என்று வைத்துக்கொள்வோம்.

இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. நம் ஊர்த் தூண்டிலில், ஈயக்குண்டின் பாரந்தான் கயிற்றைத் தூரத்துக்கு இழுத்துச் செல்லும். ஈத்தூண்டிலிலோ இறகுக்குப் பாரமே கிடையாது. ஊதினால் பறக்கும் அந்தப் பொய் ஈயைப் பத்துப் பன்னிரண்டு கஜ தூரம் வீசுவது எப்படி? கயிற்றையே பாரமாக்கிவிட்டார்கள். கழியை முன்னும் பின்னும் வீசும்பொழுது சாட்டைபோல் சுருண்டு விரிவது கயிறு. ஈ அதன் நுனியில் ஒட்டிக்கொண்டு போகிறது. கயிறுகளுக்கு எடையைக் கொண்டே நம்பர் கொடுக்கிறார்கள். ஐந்தாம் நம்பர் கயிற்றின் முதல் 30 அடி ஏறக்குறைய 9 கிராம் இருக்கும். ஆகவே, இந்தத் தூண்டிலில் கயிறுதான் கதாநாயகன். கயிறு கெட்டால் எல்லாம் கெட்டது.

ஆதியில் குதிரை வால்மயிரை முறுக்கி அந்தக் கயிற்றைச் செய்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பட்டு நூலைப் பின்னி, ஆளிவிதை எண்ணெயைப் பல தடவை ஊட்டி, ஒவ்வொரு தடவையும் உலர்த்தி, வழவழப்பாக்கினார்கள். பட்டு கீழ்நாட்டுப் பொருள். இங்கிலாந்தில் இறங்கிய ஆளிவிதையிலும் கணிசமான பங்கு இந்தியாவிலிருந்தே போயிற்று. துரைமார்களின் தூண்டிலிலும் நம் நாட்டு வயல் ஒளிந்திருந்தது!

அந்தத் தூண்டிலைத் துரைமார்கள் இங்கேயும் கொண்டுவந்தார்கள். சென்னை ஸிவில் ஸர்விஸைச் சேர்ந்த ஹென்றி ஸல்லிவன் தாமஸ் என்பவர் 1873-ஆம் வருஷம் இந்தியாவில் தூண்டில் போடுவது பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். 1887-ல், ஏரி குளங்களில் தூண்டில் போடுவது பற்றித் தனியாகவே இன்னொரு புத்தகம் எழுதினார். நம் ஊர் ஏரியில் ஒரு துரை அவ்வளவு கண்டார் என்றால் ஆச்சரியந்தான். நீலகிரியின் குளிர்ந்த ஓடைகளில் டிரௌட் மீனை வளர்க்க 1860-களிலேயே டாக்டர் பிரான்ஸிஸ் டே முயன்றார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச். ஸி. வில்ஸன் என்பவர் எடுத்த முயற்சியால்தான் வானவில் டிரௌட் அங்கே நிலைபெற்றது. அவலாஞ்சியில் அமைந்த மீன்குஞ்சுப் பொரிப்பகம் அந்த முயற்சியின் ஞாபகச் சின்னம்.

பட்டுக் கயிற்றுக்காரர் பட்ட பாட்டைக் கேளுங்கள். மாலையில் விடுதிக்குத் திரும்பியதும் அவர் செய்யும் முதற்காரியம் தேநீர் அருந்துவது அன்று. உருளையில் சுற்றிய ஈரக் கயிறு முழுவதையும் உருவி எடுத்து, நாற்காலி முதுகுகளில் தளர்வாகச் சுற்றி நிழலில் காயவைப்பார். ஈரத்தோடு ஓர் இரவு விட்டால் பட்டு இற்றுவிடும். எண்ணெய்ப் பூச்சும் பிசுபிசுத்துப்போகும். மறுநாள் காலையில் துணியால் துடைத்து, மிதப்பதற்காகக் கொழுப்புத் தடவி, மீண்டும் உருளையில் சுற்ற வேண்டும். நடுப்பகலுக்குள் கயிறு நீரைக் குடித்து அமிழத் தொடங்கினால், மறுபடியும் துடைத்து மறுபடியும் தடவ வேண்டும். நம் வீட்டுப் பெண்மணிகள் பட்டுப் புடவையை முறுக்கிப் பிழியாமல் நிழலில் விரித்து உலர்த்துவதைப் பார்த்தவர்களுக்கு இதில் புதுமை ஒன்றுமில்லை. பட்டுக்கு உரிய மரியாதை எங்கும் ஒன்றே.

இக்காலத்துக் கயிற்றைச் சுத்தம் செய்தல்

1950-களில் பட்டின் ஸ்தானத்தை பிளாஸ்டிக் பிடித்துக்கொண்டது. இன்றைய ஈத்தூண்டிற் கயிறு பெரும்பாலும் 90 அடி நீளமுள்ளது. நடுவில் நைலான் போன்ற இழை, மேலே பி.வி.ஸி. பூச்சு. மிதக்கும் கயிறாயின் அந்தப் பூச்சுக்குள் கண்ணுக்குத் தெரியாத கண்ணாடிக் குமிழிகள் கலந்திருக்கும். இது அழுகாது. ஆதலால் இதற்குப் பராமரிப்பே வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள். அங்கேதான் தவறு.

நம் ஏரித் தண்ணீரில் பாசியும், நுண்ணிய களிமண்ணும் ஏராளம். அவை கயிற்றின்மேல் படிந்தால், மிதக்கவேண்டிய கயிறு அமிழத் தொடங்குகிறது. கழியின் வளையங்களில் உராய்ந்து, வழுக்கிச் செல்லாமல் தடைப்படுகிறது. அந்த அழுக்கே உப்புக்காகிதம்போல் பூச்சைத் தேய்த்து வெடிப்புகளை உண்டாக்குகிறது. வெடிப்பின் வழியே நீர் உள்ளே புகுந்தால் கயிற்றின் ஆயுள் முடிந்தது.

சுத்தம் செய்யும் முறை மிகவும் சுலபம். ஒரு வாளியில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து, மென்மையான சோப்பில் சில துளி கலக்க வேண்டும். துணி வெளுக்கும் சலவைத் தூள் கூடாது. அது பூச்சில் உள்ள வழவழப்பையும் சேர்த்து வெளுத்துவிடும். கயிற்றைச் சிக்கு விழாமல் வளையம் வளையமாக வாளியில் இறக்கிக் கால்மணி நேரம் ஊறவிட வேண்டும். பிறகு மெல்லிய பருத்தித் துணியை மடித்து விரல்களுக்கிடையே பிடித்து, அதன் வழியே கயிற்றை மெதுவாக இழுக்க வேண்டும். துணியில் படியும் கருங்கோட்டைப் பார்த்தால், இவ்வளவு அழுக்கையா வீசிக்கொண்டிருந்தோம் என்று வெட்கமாயிருக்கும். துணியின் இடத்தை மாற்றி, கோடு விழாமலிருக்கும் வரை இழுத்து, நல்ல தண்ணீரில் அலசி, உலர்ந்த துணியால் துடைத்துவிட வேண்டும். கயிற்றுக்கென்று விற்கும் மெருகுத் தைலம் இருந்தால் மெல்லியதாகத் தடவி, சில மணி நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்தெடுக்கலாம்.

துடைக்கும்பொழுது விரல் ஒரு பரிசோதகர் வேலையும் செய்கிறது. சொரசொரப்பு, வெடிப்பு, தளர்ந்த முடிச்சு ஆகியவற்றைக் கண் காண்பதற்கு முன் விரல் கண்டுபிடித்துவிடும். சுத்தம் செய்வதன் பாதிப் பயன் இதில்தான் இருக்கிறது.

மூன்று பகைவர்களை மறக்கக் கூடாது. முதலாவது வெயில். மூடிய மோட்டார் வண்டிக்குள் சித்திரை மாதத்து உஷ்ணத்தில் கயிற்றை விட்டால், பிளாஸ்டிக்கை மிருதுவாக வைத்திருக்கும் சத்து வெளியேறி அது விறைத்துப்போகும். இரண்டாவது, கொசு விரட்டும் தைலம். அவற்றுள் பலவற்றில் உள்ள 'டீட்' என்னும் மருந்து பிளாஸ்டிக்கைக் கரைக்கும். கையில் தடவிக்கொண்டால், கையைக் கழுவிய பிறகே கயிற்றைத் தொட வேண்டும். பெட்ரோலும் அப்படியே. மூன்றாவது, நம்முடைய கால். கயிற்றின்மேல் மிதித்து நிற்பது, மணலும் கல்லும் அதில் பதிய நாமே முத்திரை குத்துவதாகும். அதிக நாள் உபயோகிக்காமல் வைப்பதாயின், சிறு உருளையிலிருந்து எடுத்துப் பெரிய வளையமாகச் சுற்றி, இருட்டான குளிர்ந்த இடத்தில் வைத்தால் சுருள் விழாது.

தங்கூசியின் தோஷம்

நம் ஊர்ப் பிள்ளைகள் கையிலிருப்பது ஈத்தூண்டில் அன்று; தங்கூசி என்று வழங்கும் ஒற்றை இழை நைலான் நரம்பு. 1935-ஆம் வருஷம் அமெரிக்காவில் டூபாண்ட் கம்பெனியின் ஆராய்ச்சிச் சாலையில் வாலஸ் கரோதர்ஸ் என்ற ரசாயன நிபுணரால் நைலான் உருவாயிற்று. சுதந்திரத்துக்குப் பின் வந்த ஆண்டுகளில் அது நம் கடற்கரைகளுக்கும் வந்து, பட்டை இடிக்கும் உரலுக்கும் துவர் காய்ச்சும் அண்டாவுக்கும் ஓய்வு கொடுத்தது. மீனவனின் பாரம் குறைந்தது. அதில் குறை காண்பதற்கில்லை.

ஆயினும், இதையும் பேணத்தான் வேண்டும். பருத்தி நூல் நனைந்தால் பலம் கூடும். நைலானோ நனைந்தால் சிறிது பலம் குறையும். வெயில் அதை உள்ளுக்குள் நொறுங்கச் செய்யும். வெளித்தோற்றம் மட்டும் புதியதுபோலவே இருக்கும். ஆகவே, கடல்நீரில் போட்டதை நல்ல தண்ணீரில் அலசுங்கள். நுனியில் ஒரு முழத்தை விரலால் உருவிப் பாருங்கள். கீறல் தென்பட்டால் அந்த அளவை வெட்டிவிட்டுப் புதிதாக முள்ளைக் கட்டுங்கள். முடிச்சை இறுக்கும் முன் நனைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்தபடி இறுக்கினால் உராய்வின் சூட்டிலேயே நரம்பு பலமிழக்கும்.

இப்பொழுதுதான் நாம் பறவைகளிடம் வந்து சேருகிறோம். பழைய பருத்திக் கயிறு அறுந்து ஏரியில் விழுந்தால், சில வாரங்களில் மண்ணோடு மண்ணாகிவிடும். எந்த நுண்ணுயிர் நம் பாட்டன்மாரின் கயிற்றுக்குச் சத்துருவாயிருந்ததோ, அதுவே ஏரிக்குத் தோட்டியாகவும் இருந்தது. நைலானை அது தொடாது. அறுந்த தங்கூசி கண்ணுக்குத் தெரியாமல் நாணலிலும் கருவேல முள்ளிலும் பல வருஷம் சிக்கிக் கிடக்கும். இரை தேடி வரும் கொக்கின் காலில் சுற்றிக்கொண்டால், அது உதற உதற இறுகும். இரத்த ஓட்டம் நின்று கால் போகும். இறகில் சுற்றினால் பறக்க முடியாமல் பட்டினியாலேயே மாளும். நீரில் மூழ்கி மீன் பிடிக்கும் நீர்க்காகத்துக்கு, கைவிடப்பட்ட நைலான் வலை ஒரு தூக்குக் கயிறு. ஸைபீரியாவிலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் மலைகளைத் தாண்டி, வேடனுக்கும் புயலுக்கும் தப்பி வந்த ஜீவன், ஒரு பையன் அலட்சியமாக விட்டெறிந்த அரைக்காசு நரம்பில் சிக்கி உயிர்விடுவது எவ்வளவு பரிதாபம்!

இங்கேதான் விஷயத்தின் உயிர்நிலை இருக்கிறது. பேணவேண்டியிருந்த கயிற்றை நாம் எறியவில்லை. பேணவேண்டாத கயிறு வந்ததும் எறியத் தொடங்கிவிட்டோம். பட்டை இடித்து, சாறு காய்ச்சி, கை வலிக்க உருவி உலர்த்திய கயிற்றை எவன் ஏரியில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போவான்? அறுந்த நுனியையும் அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டுதான் போவான். பொருளின்மேல் அபிமானம் வருவது அதன் விலையால் மட்டும் அன்று. அதற்காக நாம் பட்ட பாட்டாலும்தான். கதர் நூற்றவர்கள் இதை அறிவார்கள். தன் கையால் நூற்ற நூலில் ஓர் இழை அறுந்தாலும் மனம் பதைக்கும். அந்தப் பதைப்பைத்தான் நாம் இழந்தோம்.

அதைத் திரும்பப் பெறுவது கடினமன்று. வீட்டில் தூண்டில் உள்ள பிள்ளைகளுக்கு இரண்டு விதிகளைச் சொல்லிக் கொடுங்கள். முதலாவது: கரையை விட்டுக் கிளம்புமுன், வந்தபோது இருந்த கயிறு முழுவதும் கையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், சிக்கியதை இயன்றவரை எடுக்க வேண்டும், பிறர் விட்டுச் சென்றது கண்ணில் பட்டால் அதையும் சுருட்டிக்கொண்டு வர வேண்டும். இரண்டாவது: பழைய நரம்பை அப்படியே குப்பையில் போடலாகாது. எரிப்பதும் தகாது, அந்தப் புகை நஞ்சு. விரற்கடை நீளத் துண்டுகளாகக் கத்தரித்துப் போட்டால், எந்தப் பறவையின் காலையும் அது சுற்ற முடியாது. ஒரு கத்தரிக்கோலும் ஐந்து நிமிஷமும் போதும்.

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஒரு வாளித் தண்ணீரும் ஒரு துண்டுத் துணியும் எடுத்துக்கொண்டு தாழ்வாரத்தில் உட்காருங்கள். பிள்ளைகளும் பக்கத்தில் இருக்கட்டும். கயிறு விரல்களுக்கிடையே ஓடும்பொழுது, தப்பிப்போன மீனின் கதையைத் தாராளமாகச் சொல்லலாம். முழத்தைக் கொஞ்சம் நீட்டினாலும் பாதகமில்லை. ஆனால் கயிறு அறுந்த காரணத்தை மட்டும் உள்ளது உள்ளபடியே சொல்லுங்கள்.